கணவன் மனைவி பெயரில் உள்ள வீட்டை விற்றால் வரி எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்துகொடுக்கும் வேலையில் இருப்பதால், ஜூலை பிறந்துவிட்டால் ஒரே சந்தேகத்தைப் பல குரல்களில் கேட்கிறேன். கேட்பவர்களில் பெரும்பாலோர் வீட்டை விற்று, பணத்தைப் பிரித்துச் செலவழித்த பிறகுதான் வருகிறார்கள். அதற்குள் பாதி வழிகள் அடைபட்டுவிடும். அதனால் கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டில் நடந்த விற்பனைக்கானவை. பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி உள்ளவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிந்தைய விற்பனைக்கு எண்கள் வேறாக இருக்கும்.

வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. டாக்ஸ் யார் கட்டணும்?

இருவரும், அவரவர் பங்குக்கு. வருமான வரிச் சட்டத்தில் தம்பதியருக்குச் சேர்த்து ஒரே கணக்கு என்பது கிடையாது. கணவருக்கு ஒரு பான், மனைவிக்கு ஒரு பான், இரண்டு தனித்தனி ரிட்டர்ன். விற்பனையில் வந்த லாபம் பங்கின்படி பிரிந்து அந்த இரண்டு ரிட்டர்னுக்கும் போகும்.

"மொத்தத்தையும் அவர் கணக்கிலேயே காட்டிவிடலாமே, அவர்தானே எல்லாம் பார்த்துக்கொள்கிறார்" என்பார்கள். அப்படி இஷ்டத்துக்குக் காட்ட முடியாது. பங்கு யாருடையது என்பதை நிர்ணயிப்பது வசதி இல்லை, பணம் வந்த வழி. இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகள் இந்த ஒரு இடத்தில்தான் வந்து முட்டும்.

லாபம்னா எது? வித்த விலையில வாங்குன விலையைக் கழிச்சா போதுமா?

அதோடு இன்னும் சிலவற்றையும் கழிக்கலாம். வாங்கியபோது கட்டிய முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், பிறகு மாடி எடுத்தது, அறை கட்டியது போன்ற மேம்பாட்டுச் செலவு, விற்கும்போது கொடுத்த புரோக்கர் கமிஷன், பத்திர வழக்கறிஞர் கட்டணம் எல்லாம் கழிவுக்கு உரியவை. வெள்ளையடித்ததும் குழாய் மாற்றியதும் பராமரிப்பு, அவை சேராது.

வீட்டுக் கடன் வட்டியைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆண்டுதோறும் வருமானத்தில் ஏற்கெனவே கழித்துக்கொண்ட வட்டியை மறுபடி வீட்டின் விலையோடு சேர்க்க முடியாது என்று 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வீடு 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியதாக இருந்தால், பழைய விலைக்குப் பதிலாக அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயித்த விலையை, தாண்டக்கூடாது. 

வாங்கி எத்தனை வருஷம் ஆகியிருக்கணும்?

24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்டகால ஆதாயம். அதற்குள் விற்றால் குறுகியகால ஆதாயம். அது சம்பளத்தோடு சேர்ந்து அவரவர் வரி அடுக்கின்படி வரிக்கு உள்ளாகும், கீழே சொல்லப்போகும் 54ஆம் பிரிவுச் சலுகைகளும் கிடைக்காது. இரண்டாண்டு முடிய ஒன்றிரண்டு மாதமே பாக்கி என்றால், வாங்குபவரிடம் பேசிக் கிரயத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. அதற்குள் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். ஒப்பந்தம் போட்டுச் சுவாதீனத்தை ஒப்படைத்தாலே விற்பனை நடந்ததாகக் கொள்ள இடமிருக்கிறது.

12.5 சதவீதம்னு ஒருத்தர் சொல்றார், 20ன்னு இன்னொருத்தர் சொல்றார். எது சரி?

இரண்டும் சரி. 2024 ஜூலை 23 முதல் நீண்டகால ஆதாயத்துக்குப் பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீத வரி. அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலம் அல்லது கட்டடத்தை இந்தியாவில் வசிக்கும் தனிநபர் விற்றால், பழைய முறையில், அதாவது வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்திக்கொண்டு 20 சதவீதம் என்று கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டினால் போதும். இரண்டுக்கும் மேல் 4 சதவீதம் செஸ் உண்டு. கீழே உள்ள எண்களில் அதைச் சேர்க்கவில்லை.

ஓர் உதாரணம். 2010-11இல் எல்லாச் செலவும் சேர்த்து 40 லட்சத்துக்கு வாங்கிய வீடு இப்போது 1 கோடியே 10 லட்சத்துக்குப் போகிறது. புதிய முறையில் லாபம் 70 லட்சம், வரி 8.75 லட்சம். பழைய முறையில் குறியீடு அன்று 167, இன்று 376; 40 லட்சம் 90.06 லட்சமாக உயரும். லாபம் 19.94 லட்சம், வரி சுமார் 3.99 லட்சம். பழைய முறை பாதிக்கும் கீழே முடிகிறது.

அதே வீட்டை அதே விலைக்கு 2015-16இல் வாங்கியிருந்தால்? அன்றைய குறியீடு 254. விலை 59.21 லட்சமாகத்தான் உயரும். வரி 10 லட்சத்தைத் தாண்டும். இங்கே 12.5 சதவீதமே லாபம். "பழைய வீடு என்றால் 20தான் நல்லது" என்று வாய்வழியாகச் சுற்றும் சூத்திரத்தை நம்பவேண்டாம். இரண்டையும் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

அவர் 12.5 எடுத்துக்கிட்டு நான் 20 எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்வது என்று இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு, அவரவருக்கு எது குறைவோ அது. ஒரே நாளில் ஒரே பத்திரத்தில் வாங்கியிருந்தால் இருவருக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். ஒருவர் பாதியை முன்பே வாங்கி, மற்றவர் பாதி பின்னர் வந்திருந்தாலோ, ஒருவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தாலோ வேறுபடலாம்.

பத்திரத்துல ரெண்டு பேர் பேர் மட்டும்தான் இருக்கு, யாருக்கு எவ்வளவுன்னு எழுதல.

மிகவும் சாதாரணமாக நடப்பது இது. சொத்து மாற்றுச் சட்டம் 1882இன் 45ஆம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது: தனித்தனிப் பணத்தில் வாங்கியிருந்தால், யார் எவ்வளவு போட்டார்களோ அந்த விகிதம், அதற்குச் சான்று இல்லையென்றால் சமபங்கு என்று ஊகம்.

சான்று என்பது வங்கிக் கணக்கு விவரம்தான். கிரயத் தொகை எந்தக் கணக்கிலிருந்து போனது, மாதத் தவணை எந்தக் கணக்கிலிருந்து போனது என்பது தெரிந்தால் போதும். பதினைந்து வருடப் பழைய பாஸ்புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

முழுப் பணமும் என்னோடது. மனைவி பேரை ஒரு பாதுகாப்புக்காகச் சேர்த்தேன். அவங்க பாதிக்கு அவங்கதானே கட்டணும்?

இல்லை. முழு லாபமும் உங்கள் கணக்கில்தான் வரும். மனைவி பெயர் பத்திரத்தில் இருப்பது மட்டுமே அவரை வரிக்கு உரியவராக்காது. வேறு விதமாக, அவருக்குப் பாதியை நீங்கள் உண்மையிலேயே கொடுத்துவிட்டீர்கள் என்று வாதிட்டாலும் முடிவு மாறாது: ஈடாகப் பணம் பெறாமல் மனைவிக்கோ கணவருக்கோ மாற்றிய சொத்தின் வருமானம் கொடுத்தவர் வருமானத்தோடு கூட்டப்படும் என்று 64ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டு வாசலில் எதன் வழியாகப் போனாலும் அதே கூடத்தில்தான் வந்து நிற்பீர்கள்.

இதே காரணத்தால் பத்திரத்தில் 50:50 என்று எழுதியிருந்து, பணம் 80:20 என்று போயிருந்தால், மனைவியின் 50இல் 30க்கான லாபம் கணவரோடு கூட்டப்படும்.

இதைச் சொன்னதும் சிலருக்குப் பயம் வந்துவிடுகிறது: "அப்ப இது பினாமியா?" இல்லை. கணக்கில் உள்ள பணத்தில் மனைவி பெயரிலோ பிள்ளைகள் பெயரிலோ சொத்து வாங்குவது பினாமிச் சட்டத்திலிருந்து வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கிறது.

நான் வேலைக்குப் போகல. ஆனா என் நகையை வித்து, அப்பா கொடுத்த பணத்தையும் போட்டுத்தான் வீடு வாங்கினோம்.

அப்படியானால் அந்த அளவுக்கு நீங்கள் உண்மையான உரிமையாளர். சம்பளம் இல்லை என்பதற்காக உங்கள் பங்கு கணவர் தலையில் ஏறாது. சீதன நகை உங்கள் சொத்து. அப்பாவிடமிருந்து வந்த பணம் வரியில்லா அன்பளிப்பு.

கேட்டால் காட்டுவதற்கு எதுவும் இல்லாததுதான் பெரும்பாலும் சிக்கல். நகைக் கடை ரசீது, அப்பா கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வந்த பரிமாற்றம், உங்கள் கணக்கிலிருந்து விற்றவருக்குப் போன காசோலை, இந்த மூன்றும் இருந்தால் வழக்கு முடிந்த மாதிரி. என் அனுபவத்தில் அப்பா கொடுத்த பணம் மாப்பிள்ளை கணக்குக்குத்தான் நேராகப் போயிருக்கும். அப்போது அது மகளுக்குக் கொடுத்ததா, மருமகனுக்குக் கொடுத்ததா என்று விளக்க வேண்டிய நிலை வரும். இனி வாங்குபவர்களாவது மகள் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

வீட்டுக் கடன்ல ரெண்டு பேரும் கடன்தாரர். ஆனா இஎம்ஐ முழுக்க அவர் சம்பளத்துலதான் போச்சு.

கடன் பத்திரத்தில் கையெழுத்து போட்டது வங்கிக்கான பொறுப்பு. பங்கைத் தீர்மானிப்பது கடனை அடைத்த பணம். ஆகவே முந்தைய இரண்டு பதில்களில் சொன்னதே இங்கும். மனைவி வேறு வழியில் ஈடுகட்டியிருந்தால், உதாரணமாக முன்பணத்தை அவர் போட்டு, தவணையைக் கணவர் கட்டியிருந்தால், மொத்தத்தில் யார் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள்.

இருவரும் ஆண்டுதோறும் ரிட்டர்னில் வீட்டுக் கடன் வட்டியைப் பாதிப் பாதியாகக் கழித்துவிட்டு, விற்கும்போது மட்டும் "முழுவதும் என்னுடையது" என்றால் அதிகாரி சும்மா இருப்பாரா? பழைய ரிட்டர்ன்களில் எடுத்த நிலைப்பாட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விக்கிறதுக்கு முன்னாடி பாதியை மனைவிக்கு செட்டில்மென்ட் எழுதிட்டா டாக்ஸ் குறையுமா?

குறையாது. தான செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கட்டிவிட்டு, 64ஆம் பிரிவால் அந்த லாபம் மறுபடி உங்களிடமே வரும். மனைவிக்கு அன்பளிப்பு வரி இல்லை என்பது உண்மை. அதைக் கேள்விப்பட்டுத்தான் இந்த யோசனை பிறக்கிறது. ஆனால் அன்பளிப்பு பெறுவதற்கு வரி இல்லை என்பதும், பிறகு விற்கும்போது லாபம் யாருக்கு என்பதும் தனித்தனி விஷயங்கள்.

மனைவி தன் சொந்தப் பணத்தில் நியாயமான விலை கொடுத்து வாங்கினால் கூட்டல் வராது. அப்போது உங்களுக்கு அந்த விற்பனையிலேயே மூலதன ஆதாயம், அதாவது வரிக்குரிய விற்பனை லாபம், வந்துவிடும் என்பதை மறக்கவேண்டாம்.

அப்ப உண்மையாவே ரெண்டு பேரும் ஓனரா இருந்தா என்ன லாபம்?

பல இடங்களில் உண்டு. மேலே சொன்ன 70 லட்ச லாபம் ஒருவர் கையில் வந்தால் மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டி, வரியின் மேல் 10 சதவீத சர்சார்ஜ் விழும். 35, 35 என்று பிரிந்து, மற்ற வருமானமும் சேர்த்து ஒவ்வொருவரும் 50 லட்சத்துக்குள் இருந்தால் சர்சார்ஜ் இல்லை.

மனைவிக்கு வேறு வருமானமே இல்லையென்றால், அடிப்படை விலக்கு வரம்பை இந்த லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். புதிய வரி முறையில் அது 4 லட்சம். 35 லட்சத்தில் 4 லட்சம் போக 31 லட்சத்துக்கு மட்டும் 12.5 சதவீதம் என்றால் 50,000 ரூபாய் மிச்சம். பழைய குறியீட்டு முறையில் பார்த்தால் 9.97 லட்சத்தில் 4 லட்சம் போகும்; மிச்சம் சுமார் 80,000. வெளிநாட்டில் வசிப்பவருக்கு இந்தக் கழிவு இல்லை.

"12 லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னாங்களே" என்பது இதன் தொடர்ச்சியாக வரும் கேள்வி. அது 87ஏ தள்ளுபடி. சிறப்பு விகிதத்தில் வரி விதிக்கப்படும் இந்த மாதிரி லாபத்துக்குப் புதிய வரி முறையில் அந்தத் தள்ளுபடி கிடையாது. 80சி சேமிப்பையும் இந்த லாபத்தில் கழிக்க முடியாது.

வேற வீடு வாங்கினா வரியே கட்ட வேணாமாமே?

54ஆம் பிரிவு. குடியிருப்பு வீட்டை விற்ற நீண்டகால லாபத்தை இந்தியாவில் இன்னொரு குடியிருப்பு வீட்டில் போட்டால், போட்ட அளவுக்கு விலக்கு. விற்பதற்கு ஓராண்டு முன்போ, விற்றபின் இரண்டாண்டுக்குள்ளோ வாங்க வேண்டும், கட்டுவதென்றால் மூன்றாண்டுக்குள். புதிய வரி முறையில் இருந்தாலும் இது உண்டு.

தம்பதிக்கு இதில் கவனிக்க வேண்டியது, சலுகை ஆளுக்குத் தனித்தனி என்பது. இருவரும் சேர்ந்து ஒரே புதிய வீடு வாங்கலாம்; ஒவ்வொருவரும் தான் போட்ட தொகைக்கு விலக்கு கேட்கலாம். தனித்தனி வீடும் வாங்கலாம். உச்சவரம்பான 10 கோடியும் ஆளுக்குத்தான். லாபம் 2 கோடிக்குள் இருந்தால் வாழ்நாளில் ஒருமுறை இரண்டு வீடுகளில் பிரித்துப் போடும் வாய்ப்பும் ஆளுக்கு ஒன்று.

புதிய வீட்டை மூன்றாண்டுக்குள் விற்றால், கொடுத்த விலக்கு அந்த வீட்டின் அடக்க விலையிலிருந்து கழிக்கப்பட்டு லாபம் பெருகும். அவசரத்துக்கு விற்கவேண்டி வரலாம் என்ற நிலையில் இருப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

புது வீட்டை மனைவி பேர்ல மட்டும் வாங்கலாமா? என் பங்குக்கு விலக்கு கிடைக்குமா?

கணவர் தன் லாபத்தைப் போட்டு மனைவி பெயரில் வாங்கிய வழக்கில் விலக்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு அது பெரிய பலம். வேறு சில உயர் நீதிமன்றங்கள் வரி செலுத்துபவர் பெயரிலேயே வாங்க வேண்டும் என்று எதிராகவும் சொல்லியிருக்கின்றன.

வாதாடி வெல்லலாம் என்பது ஒன்று, வாதமே வராமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. என் கருத்து: யார் யார் லாபத்துக்கு விலக்கு கேட்கிறீர்களோ அவர்கள் பெயர் புதிய பத்திரத்தில் இருக்கட்டும். கூடுதலாக ஒரு பெயர் எழுதுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. இந்த முறையாவது யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதிவிடுங்கள்.

வீடு வேணாம், பாண்டுல போடலாமா? ஐம்பது லட்சம் ரெண்டு பேருக்கும் சேர்த்தா?

ஆளுக்கு 50 லட்சம். 54இசி பிரிவின்கீழ் ஆர்இசி, பிஎஃப்சி, ஐஆர்எஃப்சி போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் வெளியிடும் பத்திரங்களில், விற்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். ஐந்து ஆண்டுக்கு எடுக்க முடியாது, அடமானம் வைக்கவும் கூடாது. வட்டி குறைவு, அதற்கும் வரி உண்டு.

அவரவர் லாபத்துக்கு அவரவர் பெயரில் போடுங்கள். கணவர் பெயரில் மட்டும் போட்டுவிட்டு மனைவி பங்குக்கும் அதையே காட்டுவது எடுபடாது.

நாங்க விக்கிறது வீடில்ல, காலி மனை.

அப்போது 54 பொருந்தாது, 54எஃப். இதில் லாபத்தை மட்டும் போட்டால் போதாது. செலவு போக வந்த முழு விற்பனைத் தொகையையும் புதிய வீட்டில் போட்டால்தான் முழு விலக்கு. குறைத்துப் போட்டால் விகிதாசாரம். 54இசி பாண்டு மனைக்கும் உண்டு.

இன்னொரு நிபந்தனை, மனையை விற்கும் நாளில் உங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குடியிருப்பு வீடு இருக்கக்கூடாது. தம்பதியருக்குச் சிக்கல் இங்கேதான்: மனைவியோடு சேர்ந்து பாதிப் பங்கு வைத்திருக்கும் வீடு ஒரு வீடாகக் கணக்கா? கணக்கில்லை என்ற பக்கம் சாய்ந்து சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கணக்கு உண்டு என்று கர்நாடக உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கூட்டாக இரண்டு மூன்று வீடு வைத்திருப்பவர்கள் மனையை விற்கும் முன்பே ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

எண்பது லட்சத்துக்கு விக்கிறோம். ஆளுக்கு நாப்பதுதானே, டிடிஎஸ் பிடிக்க வேணாம்தானே?

பிடிக்க வேண்டும். டிடிஎஸ் என்பது வாங்குபவர் விலையிலிருந்து முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. அதற்கான 50 லட்சம் என்ற வரம்பு சொத்தின் மொத்த விலைக்கு. 2024 அக்டோபர் 1க்கு முன் இதில் வாதத்துக்கு இடம் இருந்தது. எல்லா விற்பவர்களுக்கும் எல்லா வாங்குபவர்களுக்கும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று 194-ஐஏ பிரிவைத் திருத்தி அதை மூடிவிட்டார்கள். வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து, பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் படிவம் 26கியூபி வழியாகக் கட்ட வேண்டும்.

ஒவ்வொரு விற்பவருக்கும் ஒவ்வொரு வாங்குபவருக்கும் தனிப் படிவம். ஒரு தம்பதி இன்னொரு தம்பதிக்கு விற்றால் நான்கு படிவம். அலுப்பில் எல்லாவற்றையும் கணவர் பானிலேயே போட்டுவிடுகிறார்கள். பிறகு மனைவி ரிட்டர்னில் லாபம் இருக்கும், டிடிஎஸ் இருக்காது. கிரய ஒப்பந்தத்திலேயே பங்கு, பான், வங்கிக் கணக்கு மூன்றையும் எழுதிவிடுங்கள். முன்பே சொன்னதுபோல முழுப் பணமும் கணவருடையதாக இருந்து மனைவி பானிலும் டிடிஎஸ் விழ இருந்தால், வரவு யாருக்குப் போக வேண்டும் என்று மனைவி வாங்குபவரிடம் எழுத்தில் அறிவிக்க விதி 37பிஏ வழி வைத்திருக்கிறது.

கணவர் துபாய்ல இருக்கார், நான் இங்க இருக்கேன்.

உங்கள் பாதிக்கு மேலே சொன்ன 1 சதவீதம். அவர் பாதிக்கு 195ஆம் பிரிவு: 12.5 சதவீதம், அதன்மேல் செஸ், தேவைப்பட்டால் சர்சார்ஜ். 50 லட்ச வரம்பெல்லாம் அவருக்கு இல்லை. லாபம் எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாததால் நடைமுறையில் முழு விலையின்மேலேயே பிடித்துவிடுவார்கள். முன்கூட்டியே படிவம் 13 போட்டுக் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் வாங்குவதுதான் வழி. அதற்கு நாளாகும், கிரயத் தேதி குறிப்பதற்கு முன் தொடங்குங்கள்.

பழைய 20 சதவீதக் குறியீட்டு முறை அவருக்குக் கிடைக்காது. ஆகவே 2010-11 உதாரணத்தில் உங்கள் 35 லட்சப் பாதிக்கு வரி சுமார் 1.99 லட்சம், அதே வீட்டில் அதே பாதிக்கு அவருக்கு 4.375 லட்சம். 54, 54இசி சலுகைகள் அவருக்கும் உண்டு.

பத்திரத்துல கைடுலைன் விலைதான் போடுறோம், மீதி கேஷ். அதுக்கும் கணக்கு காட்டணுமா?

வாங்கும் எல்லாப் பணத்துக்கும் வரி உண்டு. அதைவிட, அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதே 269எஸ்எஸ் பிரிவின்படி தவறு; வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கலாம். அட்வான்ஸுக்கும் இதே விதிதான்.

தலைகீழான நிலையும் உண்டு. உண்மை விலையே வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவாக இருந்தால், 10 சதவீதத்துக்குள் வித்தியாசம் என்றால் உண்மை விலை ஏற்கப்படும். அதற்கு மேல் போனால் வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாகக் கொண்டு 50சி பிரிவு லாபத்தைக் கணக்கிடும். இருவர் பங்குக்கும் இது விகிதப்படி பொருந்தும்.

கணவர் இறந்துட்டார். ரெண்டு பேர் பேர்ல இருந்ததால முழு வீடும் எனக்குத்தானே?

தானாக வராது. உங்கள் பாதி உங்களுடையது. அவர் பாதி, உயில் இருந்தால் அதன்படி, இல்லையென்றால் வாரிசுகளுக்கு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்குச் சமபங்கு. இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் இருந்தால் அந்தப் பாதியில் நாலில் ஒன்றுதான் உங்களுக்கு. விற்றால் லாபமும் அப்படியே பிரியும், ஒவ்வொருவரும் ரிட்டர்ன் போட வேண்டும்.

வாரிசாக வந்த பங்குக்கு வாங்கிய விலை பூஜ்யம் என்று பலர் நினைத்து அழுகிறார்கள். கணவர் வாங்கிய விலையே உங்கள் விலை, அவர் வைத்திருந்த காலமும் உங்கள் காலத்தோடு சேரும். பிள்ளைகள் உங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகு விற்றால் லாபம் உங்கள் கணக்கில் வரும். மனைவி கணவர் இடையிலான கூட்டல் விதி இங்கே கிடையாது.

நாங்க பிரிஞ்சு வாழுறோம். வீட்டை அவ பேர்ல எழுதிக் கொடுத்தா அவ விக்கிறப்ப எனக்கு வரி வருமா?

வராது. பிரிந்து வாழும் ஒப்பந்தத்தின் பேரில் மாற்றிய சொத்துக்கு 64ஆம் பிரிவு விலக்கு தருகிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும், பத்திரத்தில் அதைக் குறிப்பிடட்டும். விவாகரத்து முடிந்த பிறகு கூட்டல் என்ற பேச்சே இல்லை, ஏனென்றால் லாபம் வரும் நாளில் கணவன் மனைவி உறவு இருக்க வேண்டும்.

ரிட்டர்ன் தேதி வந்துருச்சு, இன்னும் வீடு பார்க்கல. என்ன செய்யறது?

ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதிக்குள் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் வங்கியில் பணத்தைப் போட்டு வையுங்கள். 1988 முதல் இருக்கும் திட்டம். சேமிப்புக் கணக்கு போல ஒன்று, வைப்பு போல ஒன்று என இரண்டு வகை. கணவருக்கும் மனைவிக்கும் தனித்தனிக் கணக்கு தொடங்க வேண்டும். சாதாரண ஃபிக்சட் டெபாசிட்டில் வைத்திருந்தேன் என்றால் ஏற்க மாட்டார்கள். காலக்கெடுவுக்குள் பயன்படுத்தாமல் விட்டது விற்ற நாளிலிருந்து மூன்றாண்டு முடியும் ஆண்டின் லாபமாக வரிக்கு வரும்.

விலக்கெல்லாம் போக மனைவிக்கு வரியே இல்ல. ரிட்டர்ன் போடணுமா?

போட வேண்டும். 54 போன்ற விலக்குகளைக் கழிப்பதற்கு முன் வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டினால் ரிட்டர்ன் கட்டாயம். ரிட்டர்ன் படிவங்களில் ஐடிஆர்-1 போதாது, ஐடிஆர்-2. வரி இருந்தால் அட்வான்ஸ் டாக்ஸும் பாருங்கள்: விற்பனைக்குப் பின் வரும் தவணைகளில், கடைசியாக மார்ச் 31க்குள் கட்டினால் இந்த லாபத்துக்குத் தவணைத் தாமத வட்டி வராது. தொழில் வருமானம் இல்லாத, இங்கே வசிக்கும் 60 வயதானவர்களுக்கு அட்வான்ஸ் டாக்ஸே இல்லை.

ஏஐஎஸ்ல முழு விலையும் என் பேர்லயே காட்டுது, அவர் பேர்லயும் முழு விலை காட்டுது. ரெண்டு மடங்கு கட்டணுமா?

வேண்டாம். ஏஐஎஸ் என்பது உங்கள் பானில் வருமான வரித்துறைக்கு வந்த தகவல்களின் ஆண்டு அறிக்கை. 30 லட்சமும் அதற்கு மேலும் உள்ள பதிவுகளைச் சார்பதிவாளர் அலுவலகம் வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கிறது. கூட்டு உரிமையாளர்கள் விஷயத்தில் பங்கு பிரிக்கப்படாமல் மொத்தத் தொகையும் ஒவ்வொருவர் பெயரிலும் ஏறிவிடுவது உண்டு. ஏஐஎஸ் பக்கத்திலேயே அந்தப் பதிவைத் தேர்ந்து, தொகை சரியில்லை என்று பின்னூட்டம் கொடுத்து உங்கள் பங்கை எழுதுங்கள். ரிட்டர்னிலும் உங்கள் பங்கை மட்டும் காட்டுங்கள்.

பிறகு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால், கிரயப் பத்திர நகல், இருவர் ரிட்டர்னிலும் காட்டிய பங்குகள் கூட்டினால் முழு விலை வருகிறது என்று காட்டும் ஒரு பக்கக் கணக்கு, வாங்கியபோது பணம் போன வங்கி விவரம் ஆகியவற்றை இணைத்துப் பதில் போடுங்கள். இருவரும் ஒரே ஆடிட்டரிடம் கொடுத்தால் இரண்டு ரிட்டர்னிலும் எண்கள் ஒத்துப்போகும். ஒருவருடையதை அலுவலகத்து நண்பரும் மற்றவருடையதைத் தெரு முனைக் கடைக்காரரும் போட்டால், ஒரே வீட்டுக்கு இரண்டு வாங்கிய விலை வந்து நிற்கும்.